அலைப்படம் கெட்டுப்போனால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

படம் சரியாக வரவில்லை என்றதும் கை தானாகக் கேமரா மெனுவுக்குப் போய்விடுகிறது. லென்ஸைக் குறை சொல்கிறோம், ஃபோகஸைக் குறை சொல்கிறோம், அடுத்த மாதம் எதை மாற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். அலைச்சறுக்குப் படங்களில் நான் கண்டவரை, கோளாறு பெரும்பாலும் கைக்குள் இருப்பதில்லை. வெயில் ஒரு நேரம் சொல்லும், காற்று வேறொரு நேரம் சொல்லும், ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இரண்டையும் கேட்காது. இந்த மூன்றும் ஒத்துவராத நேரத்தில் போய் நின்றால் எந்தக் கேமராவாலும் உதவ முடியாது. அதனால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் படம் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு மெனுவைத் தொடலாம்.

முதலில் இடம். சிங்கப்பூரில் திறந்த கடல் இல்லை. தெற்கே பாத்தாமும் பிந்தானும் மறைத்துக்கொள்ள, நீரிணைக்குள் நமக்குக் கிடைப்பது காற்று கிளப்பும் சிற்றலையும் கப்பல் போன பின் வரும் அலையும்தான். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பாய்ப்பலகை ஓட்டுபவர்களை வைத்துக் கைப்பழக்கம் பெறலாம். அலைக்கு எல்லை தாண்டி ஜொகூரின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். டெசாருவில் நவம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று தென்சீனக் கடலிலிருந்து அலையைத் தள்ளிக்கொண்டு வரும். அங்கே இருப்பவர்கள் அதை ‘மூசிம் தெங்குஜூ’ என்பார்கள். இந்தக் குறிப்புகள் இந்த இரண்டு கரைகளுக்கும் பொருந்தும்படி எழுதியவை.

முதல் சில நிமிடங்கள் மட்டும் பால் ஊற்றியதுபோல் மங்கல்

கடைசி இருபது படம் பளிச்சென்று இருக்கிறது, முதல் நாற்பதும் மங்கல். இப்படி இருந்தால் அது ஆவி படிந்ததுதான், வேறெதையும் தேட வேண்டாம்.

நம் ஊரில் விடியற்காலைக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குளிர்சாதனம் 22 டிகிரியில் ஓடிய அறையில் இரவு முழுக்கக் கிடந்த கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்த அந்த நொடியே ஈரம் அதன்மேல் உட்கார்ந்துவிடும். ஒருமுறை டெசாரு விடுதி வாசலில் என்னோடு வந்த தம்பி லென்ஸ் மூடியைக் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு வெள்ளை வளையம் மெதுவாகச் சுருங்கி, கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. அவர் சட்டை நுனியால் துடைத்தார், தெளிந்தது, அடுத்த மூச்சுக்குள் மறுபடி மூடியது. “அண்ணே, கேமரா போச்சா?” என்று கேட்டார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

துடைக்கக் கூடாது. லென்ஸைக் கழற்றவும் கூடாது. கழற்றினால் ஈரம் உள்ளே சென்சார் மேலேயே படியும். செய்ய வேண்டியது முந்தின இரவில் இருக்கிறது. பையைக் குளிர்சாதன அறைக்கு வெளியே, வீவக (அரசு அடுக்குமாடி) வீடாக இருந்தால் சமையலறைப் பக்கம், வையுங்கள். விடுதியில் அதற்கு வழி இல்லை என்றால், கேமராவை ஜிப் பையில் காற்று வெளியேற்றி மூடி, அப்படியே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் விடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. சூரியன் வருவதற்கு அரை மணி முன்பே கரையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சறுக்குபவர் வெறும் கறுப்பு உருவம், முகமே இல்லை

சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கிறது. இது தெரிந்த விஷயம். எந்தக் கரையில், எந்த மாதத்தில், எந்த மணிக்கு அது பின்னால் இருக்கும் என்பதைத்தான் பலர் கணக்கிடுவதில்லை.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க் தெற்கைப் பார்த்த கரை. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நம் தெற்குப் பக்கமாகவே ஓடும்: தென்கிழக்கு சாய்ந்து எழுந்து, உச்சியில்கூட 65 டிகிரி உயரத்தில் கடலுக்கு மேலேயே நின்று, தென்மேற்கு சாய்ந்து இறங்கும். காலையோ மாலையோ, நாள் முழுக்க எதிரொளிதான். தண்ணீர் தகடாக மின்னும், ஆள் நிழலாகத் தெரிவார். ஜூனில் அதே மணலில் அதே இடத்தில் நின்றால் சூரியன் வடக்கே, உங்கள் முதுகுக்குப் பின்னால்; பாயின் நிறம், முகம், தண்ணீர்த் துளி எல்லாம் தெரியும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் அது நேர் தலைக்கு மேல் வரும், தொப்பியின் நிழல் முகம் முழுவதையும் தின்றுவிடும். ஆக, “ஈஸ்ட் கோஸ்டில் ஒளி நன்றாக வராது” என்று யாராவது சொன்னால் எந்த மாதம் போனீர்கள் என்று கேளுங்கள்.

டெசாரு கிழக்கைப் பார்த்த கரை, அங்கே மாதத்தைவிட மணி முக்கியம். காலை முழுக்க சூரியன் அலைக்குப் பின்னால். நண்பகல் தாண்டி அது உங்கள் பின்னால் வந்துவிடும். அந்த நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வராது. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் உலக நேரத்தைவிட எட்டு மணி முன்னால் ஓடுகிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு ஏழு மணிதான் கணக்கு. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணியை ஒட்டி. உதயம் நவம்பர் தொடக்கத்தில் 6.46 வாக்கில், பிப்ரவரி நடுவில் 7.16 வாக்கில். அரை மணி வித்தியாசம். டிசம்பரில் எடுத்த நேரக் குறிப்பைப் பிப்ரவரிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

பொன்னொளி நம் பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சூரியன் சாய்வாக ஏறாமல் ஏறக்குறைய நேராகவே மேலே போவதால், அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர 25 நிமிடம்தான். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டியில் ‘ஒரு மணி நேரம்’ என்று இருந்தால் அது அவர் ஊருக்கு.

இனி கறுப்பு உருவத்துக்கு மருந்து. காலையில் டெசாருவில் இருக்கிறீர்கள் என்றால் ஒளியோடு சண்டை போட வேண்டாம், முகத்தை விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் என்றால் 7.25 முதல் எட்டு மணி வரை தாழ்ந்த சூரியன் அலையின் மேல்விளிம்பு மெல்லியதாகும் இடத்தில் ஊடுருவி வரும். மற்ற நேரத்தில் பழுப்பாகக் கிடக்கும் அந்தத் தண்ணீர் அங்கே மட்டும் இளநீர்க் கண்ணாடிபோல் பச்சையாக எரியும். அந்த விளிம்புக்கு ஒளி அளவெடுத்து, ஆளை நிழலாகவே வையுங்கள். முகம்தான் வேண்டும் என்றால் மாலைக்கு வாருங்கள்.

மாலையில் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் சொல்லித் தரவில்லை, நான் கரையில் நின்று கற்றது. டெசாரு என்ற பெயரே சவுக்கு மர ஊர் என்பதுதான். கரைக்குப் பின்னால் மரவரிசை நிற்கிறது. 20 மீட்டர் உயர மரத்தின் நிழல், சூரியன் 15 டிகிரியில் இருக்கும்போது 75 மீட்டர் நீளும். ஆறு டிகிரியில் 190 மீட்டர். அதாவது மறைவதற்கு ஒரு மணி முன்பிருந்தே கரையோர அலையை மரநிழல் பிடித்துவிடலாம். ஆறரை மணி ஒளிக்காகக் காத்திருந்தால் கையில் ஒன்றும் இருக்காது. நாலரை முதல் ஆறு வரை எடுத்துவிடுங்கள். மரவரிசையில் இடைவெளி உள்ள இடமாகப் பார்த்து நின்றால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

ஒளி பிரமாதம், அலைதான் உடைந்த ஓடுபோல் சிதறிக் கிடக்கிறது

இதுதான் டெசாரு கரையின் அடிப்படை நோய். அலையை உண்டாக்கும் வாடைக்காற்றே கரையை நோக்கியும் அடிக்கிறது. அலையின் முதுகில் காற்று அடித்தால் முகம் நிமிர்வதற்குள் நுனி கவிழ்ந்துவிடும், பளபளப்பான சுவருக்குப் பதில் சொரசொரப்பான மேடு கிடைக்கும்.

இரண்டு நேரங்களில் மட்டும் இது தளரும். ஒன்று, விடியற்காலை: இரவில் நிலம் குளிர்ந்து, கடலை நோக்கி வீசும் நிலக்காற்று எழும்போது அது வாடையின் வேகத்தைக் கரையோரம் மட்டும் கொஞ்சம் தணிக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் அந்தச் சலுகை முடிந்துவிடும். இரண்டு, பெருங்காற்று ஓய்ந்த மறுநாள். டிசம்பர், ஜனவரியில் வாடை சில நாள்கள் திடீரென்று வலுத்து, மழையும் விடாமல் பெய்து, பிறகு அடங்கும். அது உச்சத்தில் இருக்கும் நாளில் ஓடிப்போகிறவர்கள் நனைந்து திரும்புகிறார்கள். அது அடங்கும் நாளைப் பிடிக்க வேண்டும்.

ஏன் மறுநாள்? அலைக்கு அலை ஏழு நொடி இடைவெளி உள்ள கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 500 கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பியது கரை சேர 25 மணி நேரம். அங்கே காற்று நின்ற பிறகும் அலை வந்துகொண்டிருக்கும், இங்கே காற்று இல்லாமல் அது சுத்தமாக நிமிரும்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இடைவெளியையும் பாருங்கள். ‘ஒன்றரை மீட்டர், ஐந்து நொடி’ என்றால் நெருக்கியடித்த குழப்பம். ‘ஒரு மீட்டர், எட்டு நொடி’ என்றால் எண்ணக்கூடிய கோடுகளாக வரும். நான் உடனே பையைத் தூக்குவேன். இந்தியப் பெருங்கடலில் பதினான்கு நொடி அலைகள் உண்டு, அதை எதிர்பார்த்து இங்கே வரக் கூடாது. தென்சீனக் கடலுக்கு அவ்வளவு நீண்ட ஓடுதளம் கிடையாது.

ஆக, காலையில் காற்று நல்லது, ஒளி எதிரில். மாலையில் ஒளி நல்லது, காற்று கெட்டது. இந்த முரணைத் தீர்க்க முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் முடியும். நான் காலையைத் தேர்வேன். அலையின் வடிவம் இல்லாத படத்தில் முகம் தெரிந்து என்ன பயன்?

நேற்று இங்கேதானே உடைந்தது, இன்று ஒன்றுமே இல்லை

ஓதம் மாறிவிட்டது. அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் தண்ணீர். கடல்மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறினால், ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் உடையும் இடம் 75 மீட்டர் உள்ளே வந்துவிடும். நேற்று மணல்திட்டின் மேல் அழகாக உடைந்த அலை இன்று திட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, கரையில் வந்து பொத்தென்று விழும்.

ஓதம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை ஏழு மணிக்கு வற்றுநீர் கிடைத்த இடத்தில் இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஏற்றத்தில் நிற்பீர்கள். வாரக்கடைசியில் மட்டும் போகிற நமக்கு இது அடிக்கடி காலை வாரிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியே அதைச் சொல்லிவிடும். சரியான நேரத்துக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அட்டவணை இருக்கிறது, ஆனால் அது சிங்கப்பூருக்கு. டெசாருவுக்கு அப்படியே பொருத்தினால் தவறும், அந்தக் கரைக்குரியதைத் தேடி எடுங்கள். எந்த மட்டத்தில் எந்தத் திட்டு வேலை செய்தது என்று ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வரி எழுதி வையுங்கள். என் குறிப்பேட்டில் வேறு எதையும்விட அதிகம் பயன்பட்டது அந்த வரிகள்தான். மணல்திட்டு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும், அதனால் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிது எழுதவும் தயாராக இருங்கள்.

நுரை வெறும் வெள்ளைத் திட்டு. அல்லது நுரையே சாம்பல்

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். கேமராவின் ஒளி அளவி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படச் சட்டம் முழுக்க நுரை நிறைந்தால் அதை இருட்டாக்கும். இருண்ட தண்ணீருக்கு நடுவில் கொஞ்சமாக நுரை இருந்தால் தண்ணீரை வெளிச்சமாக்கப் போய் நுரையை எரித்துவிடும். அலை உருளும் மூன்று நொடிக்குள் இரண்டும் நடக்கும். எனவே தானியங்கியை நிறுத்திவிட்டு, கையால் பூட்டுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/1600 நொடி என்று தொடங்கி, வெற்று நுரை ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குமிழிகள் தனித்தனியாகத் தெரிகிறதா? தெரிந்தால் சரி. வெள்ளைத் தாளாக இருந்தால் ஷட்டரை ஒரு படி ஏற்றுங்கள். மேகம் சூரியனைக் கடக்கும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், சோம்பல்பட்டால் படம் போகும்.

கூர்மை இல்லை

பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலிலும் வகை உண்டு.

ஆள் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்தது. நொடிக்கு எட்டு மீட்டர் போகிறவர் 1/250 நொடியில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார், 1/1000ல் எட்டு மில்லிமீட்டர்தான். விடியலில் ஒளி போதாது என்று ஷட்டரைத் தாழ்த்துவதைவிட ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுவது மேல்.

ஆள் மங்கல், முன்னால் தெறிக்கும் நுரை கூர்மை என்றால் ஃபோகஸ் ஏமாந்தது. பரந்த ஃபோகஸ் பரப்பை விட்டு, சிறிய ஃபோகஸ் புள்ளிக் குழுவை ஆளின் நெஞ்சில் வைத்துத் தொடருங்கள்.

ஒவ்வொரு படத்திலும் மங்கல் வேறு வேறு மாதிரி, நேர்கோடான பலகை நெளிந்து தெரிகிறது என்றால் கேமராவில் பிழை இல்லை. சுட்ட மணலுக்கு மேல் காற்று நெளிகிறது. 600 மில்லிமீட்டர் லென்ஸை மரநிழலில் வைத்து, நூறு மீட்டர் வெந்த மணலைத் தாண்டி எடுத்தால் பதினொரு மணிக்கு மேல் இது கட்டாயம் நடக்கும். எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போங்கள், ஈர மணலில் நில்லுங்கள். அதுவும் போதவில்லை என்றால் நிறுத்திவிட்டு, நாலு மணிக்கு வாருங்கள்.

வானம் சாம்பல், நிறம் செத்துக் கிடக்கிறது

வாடைக்காலத்தின் முற்பகுதியில் இதுதான் வழக்கம். பிப்ரவரியில் மழை குறைந்து வானம் திறக்கும், அலையும் முழுதாக அடங்கியிருக்காது. எனக்குப் பிடித்த மாதம் அது. சாம்பல் நாளில் சிக்கிக்கொண்டால் வானத்தைச் சட்டத்திலிருந்து வெட்டிவிடுங்கள். ஷட்டரை 1/30க்கு இறக்கி ஆளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். பின்னணி கோடுகளாக ஓடும், கறுப்பு வெள்ளையில் நன்றாக நிற்கும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஈஸ்ட் கோஸ்டில் இதே அறிகுறி கண்டால் அது மேகமாக இல்லாமல் புகைமூட்டமாக இருக்கலாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 2013 ஜூன் 21ல் அது 401ஐத் தொட்டது. புகையைப் பிந்தைய வேலையில், அதாவது கணினியில் படத்தைத் திருத்தும்போது, நீக்கிவிடலாம் என்று போகாதீர்கள், நுரையீரலுக்குப் பிந்தைய வேலை கிடையாது.

பெரிய அலை வந்தபோது கேமரா நின்றுவிட்டது

சின்ன அலைகளுக்கெல்லாம் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தீர்கள், நினைவகம் எழுதி முடிக்கவில்லை. அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்தில் முதல் அலையை விடுங்கள், பின்னால் வருவது பெரும்பாலும் பெரிது. மூன்று மூன்றாகத் தட்டி எடுங்கள்.

இடி கேட்கிறது

இதற்குத் திருத்தம் இல்லை, கிளம்புவதுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடிமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியலுக்கு முன்பே சுமத்ரா பக்கமிருந்து புயற்காற்று வரிசையாக வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவு என்றால் மின்னல் பக்கத்தில் இருக்கிறது; மணலில் முக்காலியோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். வானிலைச் செயலியில் மின்னல் எச்சரிக்கையை முதலிலேயே இயக்கி வையுங்கள். டெசாருவில் சிவப்புக் கொடி ஏறியிருந்தால், நீர்க்கூடு (கேமராவுக்கான நீர்புகா உறை) வைத்திருந்தாலும் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்துப் பொத்தான் ஒட்டுகிறது, திருகு கரகரக்கிறது

உப்பு. கரையில் நின்று எடுத்தாலும் காற்றில் வந்து படியும். அன்றிரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் கேமராவையும் லென்ஸ் உருளையையும் ஒத்தித் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முக்காலியின் கால்களை முழுதாக நீட்டி, கழிப்பறைக் குழாயில் கழுவித் தலைகீழாக நிறுத்துங்கள். பையைக் காலி செய்து மணலை உதறுங்கள். எல்லாம் காய்ந்த பிறகே டிரை கேபினெட்டில் (ஈரப்பதம் குறைக்கும் பெட்டியில்) வையுங்கள், ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். ஈரத்தோடு உள்ளே வைத்து மூடினால், இரண்டு மாதத்தில் லென்ஸுக்குள் சிலந்திக்கூடுபோல் பூஞ்சை படர்ந்திருக்கும்.